15 ஆண்டுகள் தோல்வியறியாத ஜான் டேவிஸ்

1938ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். வியன்னா நகரில் உலகப் பளுதூக்கும் போட்டி நடந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து, நாட்டையே ஜெர்மனியோடு இணைத்திருந்தது. ஆரிய இனமே உயர்ந்த இனம் என்று முழங்கிய ஆட்சியின் கீழ் இருந்த ஊர் அது. அங்கே மேடையேறிய அமெரிக்கக் குழுவில் 17 வயது கறுப்பினப் பையன் ஒருவன் இருந்தான். 82.5 கிலோ பிரிவில் அவன்தான் உலக வெற்றியாளரானான்.

அந்தப் பையன்தான் ஜான் ஹென்றி டேவிஸ். அன்று தொடங்கிய வெற்றி 1953 வரை நிற்கவில்லை. இந்த 15 ஆண்டுகளில் அவரை மேடையில் வென்றவர் யாரும் இல்லை. ஆனாலும் முகம்மது அலியையும் ஜெஸ்ஸி ஓவன்ஸையும் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

டேவிஸ் 1921 ஜனவரி 12ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் ஸ்மித்டவுனில் பிறந்தார். வளர்ந்தது புரூக்ளினில். தந்தையின் துணையில்லாமல் தாய் ஒருவரே பாடுபட்டு வளர்த்த பிள்ளை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அன்று கறுப்பர்கள் வெள்ளையர்களோடு ஒரே இருக்கையில் பேருந்தில் உட்கார முடியாது. ஒரே உணவகத்தில் சாப்பிட முடியாது. நியூயார்க்கில் அப்படிச் சட்டம் இல்லையே தவிர, வறுமையும் ஒதுக்கலும் அங்கேயும் இருந்தன. பளு தூக்குவதற்குப் பெரிய செலவு கிடையாது. இரும்பும் இடமும் கிடைத்தால் போதும். டேவிஸ் அதைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்துப் போட்டி முறையை இங்கே சொல்ல வேண்டும். இன்று ஒலிம்பிக்கில் இரண்டு தூக்கல்கள்தான். அன்று மூன்று. முதலாவது பிரெஸ்: கம்பியைத் தோள் வரை கொண்டுவந்து, கால்களை மடக்காமல் கைபலத்தால் மட்டுமே தலைக்கு மேல் தள்ள வேண்டும். இரண்டாவது ஸ்னாட்ச்: தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல். மூன்றாவது கிளீன் அண்ட் ஜெர்க்: முதலில் தோளுக்கு, பிறகு கால்பலத்தோடு மேலே. மூன்றிலும் தூக்கிய சிறந்த எடைகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் டான் ஹாவ் லியாங் வெள்ளி வென்றதும் இதே மூன்று தூக்கல் முறையில்தான். பிரெஸ் தூக்கலில் முதுகை வளைத்து ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்க நடுவர்கள் திணறியதால் 1972க்குப் பிறகு அதை நீக்கிவிட்டார்கள்.

வியன்னாவில் வென்ற பையனுக்கு அடுத்த இலக்கு 1940 ஒலிம்பிக். உலகப் போர் வந்து அதைப் பறித்தது. 1944 ஒலிம்பிக்கும் நடக்கவில்லை. 1938க்குப் பிறகு அடுத்த உலகப் போட்டி 1946இல்தான். ஒரு பளுதூக்கும் வீரனுக்கு 19 வயதிலிருந்து 25 வயது வரை என்பது எப்பேர்ப்பட்ட காலம்! டேவிஸின் அந்த வயது போரில் போனது. அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து பசிபிக் பகுதியில் பணியாற்றிய அவர், மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டார். நல்ல உடம்பையே உருக்கிவிடும் நோய் அது.

அப்படியிருந்தும் 1946இல் பாரிஸ் நகரில் ஹெவிவெயிட் பிரிவில் இறங்கினார். எதிரே நின்றவர் சோவியத் நாட்டின் யாக்கோவ் குட்சென்கோ. டேவிஸுக்குத் தங்கம், குட்சென்கோவுக்கு வெள்ளி. மறு ஆண்டு பிலடெல்பியாவில் சொந்த மண்ணில் மீண்டும் வெற்றி.

ஹெவிவெயிட் என்றதும் மலைபோன்ற உருவத்தை நாம் நினைத்துக்கொள்கிறோம். டேவிஸ் அப்படியில்லை. ஆறடி உயரம்கூட இல்லை. எடை சுமார் 100 கிலோ. தம்மைவிட எவ்வளவோ கனத்த ஆட்களோடுதான் அவர் மோதினார். உடற்கட்டு அழகுக்காகவும் அவரைப் பார்க்கக் கூட்டம் வந்தது.

1948 லண்டன் ஒலிம்பிக். முதல் ஒலிம்பிக்கைக் காண டேவிஸுக்கு 27 வயதாகிவிட்டது. பிரெஸ் 137.5, ஸ்னாட்ச் 137.5, கிளீன் அண்ட் ஜெர்க் 177.5, மொத்தம் 452.5 கிலோ. இரண்டாம் இடம் பெற்ற சக அமெரிக்கர் நார்பர்ட் ஷெமான்ஸ்கி 425 கிலோ. இடைவெளி 27.5 கிலோ. இதைப் போட்டி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்.

பதக்கக் கணக்கைவிட எனக்கு வியப்பு தருவது அடுத்த ஆண்டு நடந்த ஒன்று. 1949 செப்டம்பரில் ஹேக் நகரில் உலகப் போட்டியை வென்ற கையோடு டேவிஸ் பாரிஸ் போனார். அங்கே ஒரு பழைய இரயில் சக்கர ஜோடி இருந்தது. அப்போலோன் என்ற பெயரில் புகழ்பெற்ற பிரெஞ்சுப் பலசாலி லூயி யூனி தம் காட்சிகளில் பயன்படுத்தியது அது. எடை சுமார் 166 கிலோ. டேவிஸுக்கு அந்த எடை பெரிதல்ல. லண்டனில் அதற்கு மேலேயே தூக்கியவர்தான். வம்பு எல்லாம் அச்சில் இருந்தது. ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கனம். போட்டிக் கம்பியோ 3 சென்டிமீட்டர்கூட வராது. போதாக்குறைக்கு, போட்டிக் கம்பியைப் போல அந்த அச்சு சக்கரத்துக்குள் தனியாகச் சுழலாது. இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிடி கிடைக்காத பொருள், தன் எடையைப் போல இரண்டு மடங்கு கனக்கும்.

டேவிஸுக்குக் கைகள் சிறியவை. அந்த அச்சை விரல்களால் முழுமையாக வளைத்துப் பிடிக்க முடியவில்லை. அதனால் ஒரு கையை மேலிருந்தும் மறு கையைக் கீழிருந்தும் கொடுத்துப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் தரையிலிருந்து கிளப்பலாம்; ஆனால் தோளில் வைத்துத் தலைக்கு மேல் தள்ள முடியாது. அதற்கு அவர் கண்ட வழி, சக்கரம் மேலே எழும்பும் அந்தக் கண நேரத்தில் ஒரு கையை விட்டு, புரட்டி, மறுபடியும் பிடிப்பது. 166 கிலோ இரும்பு அந்தரத்தில் இருக்கும்போது! பல முறை தவறியது. விடவில்லை. கடைசியில் தோளில் வாங்கி, தலைக்கு மேல் நிறுத்தினார். அந்தச் சக்கரங்களை அதற்கு முன் அப்படித் தூக்கியவர் பிரான்ஸின் சார்ல் ரிகூலோ, 1930இல். டேவிஸுக்குப் பின் 1954இல் ஷெமான்ஸ்கி தூக்கினார்.

1950 பாரிஸ், 1951 மிலான் என்று உலகப் பட்டங்கள் தொடர்ந்தன. 1951இல் அமெரிக்க தேசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 402 பவுண்டு, அதாவது 182 கிலோவுக்கு மேல் தூக்கினார். 400 பவுண்டைத் தாண்டிய முதல் அமெச்சூர் வீரர் அவர்தான்.

அமெச்சூர் என்றால் என்ன பொருள்? பரிசுப் பணம் கிடையாது, விளம்பரத்தில் சம்பாதிக்க முடியாது. உலகத்திலேயே பலசாலி என்று பத்திரிகைகள் எழுதிய மனிதர், நியூயார்க் நகரச் சிறைத்துறையில் காவலராக வேலை பார்த்துத்தான் வயிற்றைக் கழுவினார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில்தான் பயிற்சி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அவருக்கு ஓப்பரா இசை மீது பெரும் பிரியம். தாமே பாடுவார். நல்ல குரல்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சோவியத் நாடு முதல் முறையாகக் கலந்துகொண்டது. பளுதூக்குதல் இரண்டு வல்லரசுகளின் மோதலாகவே மாறியது. முடிவில் அமெரிக்காவுக்கு 4 தங்கம், சோவியத்துக்கு 3. அந்த நான்கில் ஒன்று டேவிஸுடையது. மொத்தம் 460 கிலோ. வெள்ளி வென்ற ஜேம்ஸ் பிராட்ஃபோர்டும் ஒரு கறுப்பின அமெரிக்கர், வாஷிங்டன்காரர்; அவர் தூக்கியது 437.5 கிலோ. தங்கள் நாட்டில் எத்தனையோ கதவுகள் சாத்தியிருந்த காலத்தில், அந்நாட்டுக் கொடிக்காக முதல் இரண்டு படிகளிலும் ஏறி நின்றவர்கள் அவர்கள். ஹெவிவெயிட் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற முதல் வீரரும் டேவிஸ்தான்.

தோல்வி 1953இல் ஸ்டாக்ஹோமில் வந்தது. வென்றவர் கனடாவின் டக் ஹெப்பர்ன். பிறக்கும்போதே ஒரு பாதம் வளைந்திருந்தவர். சிறுவயதில் அறுவை சிகிச்சை செய்தும் அந்தக் கால் மற்றக் காலைப் போல வளரவில்லை. காலின் குறையைக் கைபலத்தால் ஈடுகட்டி, பிரெஸ் தூக்கலில் முந்திக்கொண்டார். ஹெப்பர்ன் 467.5 கிலோ, டேவிஸ் 457.5. டேவிஸ் அன்று தொடையில் காயத்தோடுதான் தூக்கினார். அதனால் ஹெப்பர்னின் வெற்றி சிறியதாகிவிடாது. 15 ஆண்டுகள் யாராலும் முடியாததைச் செய்ய, டேவிஸைவிட அதிகமான தடைகளைத் தாண்டி வந்த ஒருவர்தான் தேவைப்பட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

டேவிஸ் அதோடு ஓயவில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்குக்கு இன்னொரு முறை முயன்றார். வயது 35. ஆனால் தூக்கும்போது தொடையின் தசைநார் கிழிந்தது. மெல்பர்னில் ஹெவிவெயிட் தங்கத்தை வென்றவர் பால் ஆண்டர்சன் என்ற இன்னோர் அமெரிக்கர். டேவிஸைவிட மிகவும் பெருத்த உடம்பு. அதன் பிறகு அந்தப் பிரிவு பெருத்த உடம்புக்காரர்களின் களமாகவே ஆனது.

டேவிஸ் கடைசிக் காலத்தில் புற்றுநோயோடு போராடினார். 1984 ஜூலை 13ஆம் தேதி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் காலமானார். அவருக்கு வயது 63. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் தொடங்க அப்போது இரண்டு வாரங்களே இருந்தன.