படைக்கு அறிவூட்டிய ஷார்ன்ஹார்ஸ்ட்

ஒரு நாட்டின் படைக்கு ஆளும் படைக்கலமும் அமைந்தால் மட்டும் போதா. அவற்றை ஒருமுகமாக இயக்கும் தலைமையகமும் வேண்டும். உறுப்புகள் பல இருப்பினும் அவற்றை ஏவுவது மூளையே அன்றோ? பிரஷ்ய நாட்டுப் படைக்கு அத்தகைய மூளையை அமைத்துக் கொடுத்த பெருமகனார் கெர்ஹார்ட் ஷார்ன்ஹார்ஸ்ட் ஆவார்.

இவர் 1755-ஆம் ஆண்டில், வட ஜெர்மனியில் ஹனோவர் நகரை அடுத்த போர்டெனாவ் என்னும் சிற்றூரில், உழவர் குடியில் தோன்றினார். படைப்பள்ளியிற் பயின்று பீரங்கிப் படையில் அலுவலரானார். போர்க்கலை பற்றி நூல்கள் எழுதிப் புகழ் பெற்றார். 1801-இல் பிரஷ்ய மன்னரின் பணியில் சேர்ந்து, பெர்லின் நகரில் இளம் அலுவலர்க்கு ஆசிரியரானார். பின்னாளில் போரியல் அறிஞராய் உலகப் புகழ் எய்திய கிளாஸ்விட்ஸ் இவர்தம் மாணவரே.

அக்காலத்தில் பிரஷ்யப் படை பழம்பெருமையில் மயங்கிக் கிடந்தது. உயர் பதவிகள் பெரும்பாலும் உயர்குடிப் பிறந்தோர்க்கே உரியனவாயின. மன்னருக்கு அறிவுரை கூறுவோர் பலராய், தம்முள் முரண்பட்டு நின்றனர். இக்குறைகளின் விளைவு 1806 அக்டோபர் 14 அன்று வெளிப்பட்டது. ஜேனா, ஆவர்ஷ்டெட் என்னும் ஈரிடத்தும் ஒரே நாளில் பிரெஞ்சுப் படை பிரஷ்யரை முறியடித்தது. ஆவர்ஷ்டெட்டில் படைத்தலைவர் பிரன்ஸ்விக் கோமகன் படுகாயமுற்று வீழ்ந்ததும், ஆணையிடுவார் யார் என்பதே தெளிவின்றிப் போயிற்று. அக்களத்தில் ஷார்ன்ஹார்ஸ்டும் இருந்தார், காயமும் உற்றார். வீரர் பலர் இருந்தும் நெறிப்படுத்துவார் இன்றேல் வெற்றி இல்லை என்னும் உண்மையை அவர் நேரிற் கண்டார்.

மன்னர் மூன்றாம் பிரடரிக் வில்லியம் 1807-இல் படைச் சீரமைப்புக் குழு ஒன்றை அமைத்து, இவரையே தலைவராக்கினார். அலுவலராதற்குக் குடிப்பிறப்பு வேண்டா; அமைதிக் காலத்தில் கல்வியும், போர்க்காலத்தில் வீரமுமே தகுதி என்னும் விதி 1808-இல் பிறந்தது. சிதறிக் கிடந்த படை அலுவலகங்களை ஒன்றாக்கிய போர் அமைச்சகம் 1809-இல் செயற்படத் தொடங்கியது. போர்த்திட்டம் வகுக்கும் அலுவலர் குழுவும் அதனுள் இடம்பெற்றது. 1810-இல் பெர்லினில் போர்க்கல்விக் கழகமும் எழுந்தது. பிரஷ்யப் படை 42,000 பேரை விஞ்சலாகாது என நெப்போலியன் கட்டுப்படுத்தியிருந்த காலத்திலேயே இவற்றுட் பல நிகழ்ந்தன. ஆட்டொகையைக் கட்டுப்படுத்திய அவ்வேந்தனால் அறிவின் வளர்ச்சியைத் தடுக்க இயலவில்லை.

1813 மே மாதம் கிரோஸ்கோர்ஷன் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் ஷார்ன்ஹார்ஸ்டின் காலில் குண்டு பாய்ந்தது. அவர் ஓய்வு கொள்ளாது, ஆஸ்திரியாவின் துணையை நாடிப் பயணம் புறப்பட்டார். புண் முற்றியது, ஜூன் 28 அன்று பிராகு நகரில் உயிர் நீத்தார். அவ்வாண்டு அக்டோபரில் லைப்சிக் நகரையடுத்து நெப்போலியன் தோல்வியுற்றதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பனையை நட்டவர் அதன் பயனைத் தாமே துய்ப்பது அரிது. எனினும், பிறப்பினும் கல்வியே பெரிதென நிலைநாட்டிய அவ்வுழவர் மைந்தர், நாட்டின் நலனையே தம் பயனாகக் கொண்டார்.