பால் ஓட்லே: அட்டைப் பெட்டிக்குள் ஓர் உலகம்

கூகுளில் ஒரு பிரபலத்தின் பெயரைத் தட்டினால், பிறந்த ஊர், ஆண்டு, எழுதிய புத்தகம் எல்லாம் தனியா ஒரு பெட்டியில் வந்து நிக்குதே, கவனிச்சிருக்கீங்களா? எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் வாக்கியங்களில் இருந்து தகவலை மட்டும் பிரித்து, ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் வேலை அது. இன்னைக்கு இதை நிரல்கள் செய்யுது. கணினியே இல்லாத காலத்தில் கையாலேயே செய்யத் துணிந்தவர் பால் ஓட்லே.

1868-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் பிறந்தார். சட்டம் படித்தார்; மனசு ஒட்டவில்லை. அவரை உறுத்தியது வேறொன்று. ஒரு தடிமனான புத்தகத்தில் நமக்கு வேண்டியது நாலு வரிதான். அது எங்கே இருக்குன்னு யார் சொல்வது? புத்தகத்தை உடைத்து, ஒரு அட்டைக்கு ஒரு தகவல்னு பிரிச்சா என்ன?

1895-ல் நண்பர் ஹென்றி லா ஃபோன்டேனுடன் சேர்ந்து, உலகில் அச்சான எல்லாவற்றுக்கும் அட்டை எழுதும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1930-களில் அட்டைகள் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டின. தபாலில் கேள்வியும் கட்டணமும் அனுப்பினால், பொருத்தமான அட்டைகளை நகலெடுத்து அனுப்புவார்கள்.

இத்தனை அட்டைகளில் தேடுவது எப்படி? டூயியின் தசம வகைப்பாட்டை இருவரும் விரிவாக்கினார்கள். 31 என்றால் புள்ளியியல், 63 என்றால் வேளாண்மை. 31:63 என்றால் வேளாண்மைப் புள்ளிவிவரம். பின்னால் (44) சேர்த்தால் பிரான்ஸ் நாட்டுடையது. இரண்டு பொருள், நடுவில் ஓர் உறவு. நாலெட்ஜ் கிராஃப் படிச்சவங்களுக்கு இது புதுசா தெரியாது!

முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்தார். அறிவு எல்லோருக்கும் பொதுவானால் போர் ஓயும் என்ற நம்பிக்கையை மட்டும் விடவில்லை. 1934-ல் பெல்ஜிய அரசு அவருடைய கூடத்தை மூடியது. அதே ஆண்டு வெளிவந்த தன் நூலில், மேசையில் ஒரு திரை, தொலைபேசி வழியே தொலைவிலுள்ள ஆவணங்கள் என்று கற்பனை செய்திருந்தார். 1940-ல் வந்த ஜெர்மன் படை, கண்காட்சிக்கு இடம் வேண்டுமென்று சேகரிப்பில் கணிசமான பகுதியை அழித்தது. 1944-ல் அவர் காலமானார். மிஞ்சிய அட்டைகள் இன்று மோன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவர் கையால் செய்ததை இன்றைய நிரல் நொடியில் முடிக்கும். ஆனா ஒரு விஷயம்: எந்த நூல், யார் எழுதியது, எந்த ஆண்டு என்பதை அவர் அட்டைகள் சொல்லின. அடுத்த ப்ராஜெக்டில் உரையிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும்போது, அது எங்கிருந்து வந்ததுன்னும் ஒரு கட்டத்தில் சேர்த்து வைங்க. தப்பு எங்கே நுழைந்தது என்று தேடும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.