எஜமான் சாட்சி, வேலைக்காரன் கைதி

1948-ம் ஆண்டு ஜூலை மாதம். டெல்லி செங்கோட்டையில் காந்திஜி கொலை வழக்கு நடந்து கொண்டிருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறினான் திகம்பர் பட்கே. சில வாரங்களுக்கு முன்புவரை அவனும் கைதிதான். இப்போது அரசாங்கத் தரப்பு அப்ரூவர்.

எதிரே குற்றவாளிக் கூண்டில் அவனுடைய வேலைக்காரன் சங்கர் கிஸ்தய்யா உட்கார்ந்திருந்தான்.

ஆயுதக் கடை

பட்கே மராட்டியன். புனாவில் 'சஸ்திர பண்டார்' என்ற ஆயுதக் கடை வைத்திருந்தான். கத்தியும் குத்துவாளும் பகிரங்க வியாபாரம். துப்பாக்கியும் வெடிகுண்டும் ரகசிய வியாபாரம். சோலாப்பூரைச் சேர்ந்த, தெலுங்கு பேசும் ஏழை வாலிபன் சங்கர் அவனிடம் வேலை பார்த்தான்.

1948 ஜனவரி 19-ந்தேதி இரவு இருவரும் டெல்லிக்கு வந்தார்கள். இன்று மந்திர் மார்க் எனப்படும் ரீடிங் ரோட்டில், இந்து மகாசபை கட்டிடத்தில் தங்கினார்கள். மறுநாள் கனாட் பிளேஸ் மெரீனா ஓட்டலில் சதித்திட்டம் முடிவாயிற்று. பிர்லா மாளிகை பிரார்த்தனைக் கூட்டத்தில் மதன்லால் வெடி வைக்க வேண்டும். அந்தக் குழப்பத்தில், மேடைக்குப் பின்னால் உள்ள வேலைக்காரர் அறையிலிருந்து பட்கே சுட வேண்டும்.

பயம் பிடித்தது

அறை வாசலில் ஆட்கள் இருப்பதைக் கண்டதும் பட்கேக்கு பயம் பிடித்தது. உள்ளே போனால் தப்ப முடியாது என்று மறுத்துவிட்டான். துப்பாக்கிகளைப் பையில் போட்டு டாக்சியில் வைத்தான். தான் சொல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்று சங்கருக்கும் உத்தரவிட்டான்.

வெடி வெடித்தது. மதன்லால் பிடிபட்டான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். எஜமான் சொன்னபடி, மிச்சமிருந்த வெடிகுண்டுகளை மகாசபை கட்டிடத்தின் பின்புறக் காட்டில் புதைத்தான் சங்கர். அன்றிரவே இருவரும் ரெயில் ஏறினார்கள்.

பத்தாம் நாள் காந்திஜி சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே புனாவில் பட்கே கைதானான். சில நாளில் சங்கரும் சிக்கினான்.

மன்னிப்பு

சதியை நிரூபிக்க, உள்ளே இருந்த ஒருவனின் சாட்சியம் தேவைப்பட்டது. பட்கே முன்வந்தான். அவனுக்கு மன்னிப்பு கிடைத்தது. அவன் உண்மையே சொன்னான் என்று நீதிபதி ஆத்ம சரண் கருதினார். ஆனால் சாவர்க்கர் விஷயத்தில், அப்ரூவர் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று அவரை விடுதலை செய்தார்.

1949 பிப்ரவரி 10-ந்தேதி தீர்ப்பு வந்தது. கோட்சே, ஆப்தே இருவருக்கும் தூக்கு. ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை. அந்த ஐவரில் சங்கரும் ஒருவன்! எஜமான் ஏவியபடி நடந்தவன் என்பதால், தண்டனையை 7 ஆண்டாகக் குறைக்கலாம் என்று நீதிபதியே சிபாரிசு செய்தார்.

சிம்லாவில் நடந்த அப்பீலில், அந்த ஆண்டு ஜூன் மாதம், கிழக்கு பஞ்சாப் ஐகோர்ட்டு சங்கரை விடுதலை செய்தது.

ஆயுதம் விற்றவன் மன்னிப்புப் பெற்றுத் தப்பினான். அவனிடம் கூலிக்கு இருந்தவன் ஆயுள் கைதியானான். வெளியே வர மேலும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. சொல்வதற்கு எஜமானிடம் ரகசியங்கள் இருந்தன. வேலைக்காரனிடம் இருந்தது எஜமானின் உத்தரவு மட்டுமே.