வாய் திறக்காத தாதி



தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடி எடுப்பவரையும், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பவரையும் நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தவர்கள். உடம்பை வருத்தி நேர்த்திக்கடன் செலுத்துவது என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் வகுப்பில் ஒரு கேள்வி எழும். அடிபட்டு, ஆணியடிக்கப்பட்டுச் செத்துப்போன ஒருவரை எப்படிச் சாமி என்று கும்பிடுகிறார்கள், அடி வாங்குவதில் என்ன பெருமை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் அப்போது வேதத்திலிருந்து தொடங்குவதில்லை. இந்த மலைநாட்டிலேயே வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்வேன்.

சிபில் கார்த்திகேசு 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்ரா தீவின் மேடான் நகரில் பிறந்தார். தகப்பனார் ஐரிஷ் வழிவந்த யுரேசியர், தோட்டத் தொழிலில் இருந்தவர். தாயார் மருத்துவச்சி. மகளும் தாதித் தொழிலும் பிரசவம் பார்ப்பதும் படித்தார். கார்த்திகேசு என்ற பெயர் கணவர் வழி வந்தது. டாக்டர் கார்த்திகேசு தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர். பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை குடும்பம் இந்து. பெண் வீட்டார் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு இரண்டு வீட்டாரும் மனமிறங்கி, 1919 ஜனவரி 7-ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாசில் உள்ள செயின்ட் ஜான் மாதா கோயிலில்... இல்லை, மாதா கோயில் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அது அருளப்பர் பெயரில் உள்ள கோயில்... அங்கே கல்யாணம் நடந்தது. சுங்கை வேயிலிருந்து அதிக தூரமில்லை; கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

அந்த வருஷமே முதல் குழந்தை பிறந்தது. ஒரு நாள்கூடத் தங்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கையிலிருந்தே பறிகொடுப்பது என்னவென்று அவருக்கு இருபது வயது நிறையும் முன்பே தெரிந்துவிட்டது. பின்னர் வில்லியம் என்ற பையனைத் தத்தெடுத்தார்கள். ஓல்கா, டோன் என்று இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். 1926 முதல் ஈப்போ புருஸ்டர் ரோட்டில் கணவரும் மனைவியுமாகக் கிளினிக் நடத்தினார்கள். சீனமொழி சரளமாகப் பேசுவார் என்பதால் சீனப் பெண்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அந்தக் காலத்தைப் பற்றி நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்போம். மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த கதை, சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போன கதை. 1942-லும் 43-லும் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் திரும்பி வராதவர் பல்லாயிரம் பேர். அவர்களை யாரும் கேட்டுவிட்டுக் கூட்டிப்போகவில்லை. அது துன்பம். அதைத் தியாகம் என்று சொல்லி மெழுகிவிட எனக்கு வாய் வராது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

சிபில் குடும்பம் ஈப்போவை விட்டுப் பக்கத்திலிருந்த பாப்பான் என்ற சிற்றூருக்குப் போய், மெயின் ஸ்திரீட்டில் 74-ஆம் எண் வீட்டில் தங்கியது. காட்டில் ஒளிந்திருந்து ஜப்பானியரை எதிர்த்த படையினர் காயத்தோடு இரவில் பின்கதவு வழியாக வருவார்கள். அந்த அம்மாள் குண்டை எடுத்து, கட்டுப்போட்டு, மருந்து கொடுத்து, விடிவதற்குள் அனுப்பிவிடுவார். வீட்டில் ரேடியோ ஒன்றை மறைத்து வைத்து, லண்டன் பி.பி.சி. செய்தி கேட்டு அவர்களுக்குச் சொல்வார். ரேடியோ வைத்திருந்தது தெரிந்தால் தலை போய்விடும் காலம் அது. அந்தப் படையை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். சாமியில்லை என்பவர்களுக்குச் சாமி கும்பிடுகிற அம்மாள் மருந்து போட்டிருக்கிறார். காயத்தைப் பார்த்த தாதி கட்சியைக் கேட்கவில்லை.

1943-இல் துப்பு கிடைத்துவிட்டது. முதலில் டாக்டர் பிடிபட்டார், மகன் வில்லியமும் பிடிபட்டார். பிறகு சிபிலைக் கொண்டுபோனார்கள். கெம்பெய்த்தாய் என்ற இராணுவப் போலீசாருக்கு வேண்டியது பெயர்கள். யார் வந்தார்கள், எங்கே இருக்கிறார்கள், இன்னும் யார் யாருக்குத் தொடர்பு. அவர் சொல்லவில்லை. அவரை என்னவெல்லாம் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகள் படிக்கும் மலரில் முழுவதும் எழுத முடியாது. அடித்தார்கள், வயிறு உப்பும்வரை தண்ணீரை ஊற்றினார்கள், பூட்ஸ் காலால் உதைத்தார்கள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, நடக்க முடியாமல் தவழ்ந்தார்.

ஒரு நாள் யோஷிமுரா என்ற சார்ஜண்ட், சிறுமி டோனைக் கொண்டுவந்து மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டச் சொன்னான். தாயார் எதிரே கட்டப்பட்டிருந்தார். பெயர்களைச் சொன்னால் பிள்ளை இறங்கும். அவர் வாய் திறக்கவில்லை. நல்லவேளையாக அங்கு வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் பிள்ளையை இறக்கிவிடச் சொன்னார். பிள்ளை பிழைத்தது.

இந்த இடத்தில் போன வருஷம் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, அந்த அதிகாரி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், டீச்சர், என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எனக்கும் அதே வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என்னைக் கேட்டால், முதல் அடியிலேயே எல்லாப் பெயரையும் சொல்லியிருப்பேன், அதை மறைத்து என்ன பயன்? மரியாளும் சிலுவையடியில் நின்று மகன் சாவதைப் பார்த்தவர்தான். ஆனால் ஒரு வார்த்தை சொல்லி அதை நிறுத்தும் வழி மரியாளுக்கு இல்லை. சிபிலுக்கு இருந்தது. காட்டிலும் கிராமத்திலும் இருந்தவர்களுக்கும் தாய் தகப்பன் பிள்ளை உண்டு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதுகூட நான் நினைப்பதுதான்.

கிறிஸ்தவர்கள் வலியை விரும்புகிறவர்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. பிடிபடுவதற்கு முந்திய நேரம் கெத்செமனித் தோட்டத்தில் இயேசுவே, முடியுமானால் இந்தத் துன்பம் என்னைவிட்டுப் போகட்டும் என்றுதான் பிதாவிடம் மன்றாடினார். துன்பம் வேண்டாம் என்று கேட்பது பாவமில்லை. பிறரை விட்டுக்கொடுத்துத்தான் அது நீங்கும் என்றால், அப்போது வேண்டாம் என்பதில்தான் சிலுவை இருக்கிறது. நம் தோட்டங்களில் கஷ்டம் வந்தால் தலையெழுத்து என்போம், போன ஜென்மத்துப் பாவம் என்போம். சிபில் பட்டது எந்தப் பாவத்துக்கும் கூலி இல்லை. மருந்து போட்டதற்குத்தான்.

அவருக்கு ஆயுள் தண்டனை, டாக்டருக்கு 15 ஆண்டு. பத்து காஜா சிறையில் கிடந்தவரை 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் வெளியே கொண்டுவந்தார்கள். சிகிச்சைக்காக விமானத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1947-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் மெடல் அளித்தார். அங்கிருந்தபோது தன் அனுபவத்தை எழுதினார். அந்த நூல் 1954-இல்தான் வெளியானது. தாடையில் பட்ட பழைய பூட்ஸ் காயம் புரையோடி, இரத்தத்தில் விஷம் ஏறி, 1948 ஜூனில் 48 வயதில் காலமானார். அதே மாதம் இங்கே அவசரகாலம் பிரகடனமானது. அவர் கட்டுப்போட்ட படையினரில் பலர் அரசாங்கத்துக்கு எதிரிகளாகிவிட்டார்கள். அவர் பெயர் நம் பாடங்களில் நெடுநாள் அதிகம் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்த உடலை 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்து, கத்தோலிக்கக் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தார்கள். ஈப்போ பேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. மரத்தில் தொங்கவிடப்பட்ட அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளானாள்.