தங்கையின் மரணமும் தமிழகத்தின் மருந்தும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

முன்னுரை

நீலகிரி மலையில், லவ்டேலுக்குக் கீழே ரயில் இறங்கிச் செல்லும் குன்னூரில், 1907ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்தின்றி மாண்டுகொண்டிருந்த தென்னாட்டு மக்களுக்கு அது உயிர் தரும் இடமாயிற்று. நோய்க்கிருமியை வலுவிழக்கச் செய்து உடலினுள் செலுத்தி, அதனை எதிர்க்கும் ஆற்றலை உடலுக்கே கற்றுக்கொடுப்பது அந்த மருத்துவத்தின் அடிப்படை. அதே 1907ஆம் ஆண்டில் புதுக்கோட்டையிலிருந்து சென்ற ஓர் இளம்பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், குன்னூரில் வெறிநாய்க்கடிக்குப் பயன்பட்ட அதே அடிப்படைக் கருத்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் புற்றுநோய்க்கும் மருந்தாகி வருகிறது. அம்மருந்தைச் செய்து பார்க்கும் இடங்களுள் ஒன்றாக அம்மையார் நிறுவிய மருத்துவமனையும் விளங்கியது. எனவே அவருடைய வாழ்வை இன்றைய மருத்துவ வளர்ச்சியின் ஒளியில் நோக்குவது பயனுடையதாகும்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர், அந்தணர் குலத்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபில் வந்தவர். இம்மணத்தை ஏற்காத உறவினர் தந்தையாரை ஒதுக்கி வைத்தனர். சமூகம் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் அக்குடும்பத்துக் குழந்தைகள் எத்தகைய துன்பத்தை அடைவர் என்பதை இளமையிலேயே அறிந்து வளர்ந்தவர் அவர்.

பெண்கள் பூப்பெய்திய பின் வீட்டைவிட்டு வெளியே வராத காலம் அது. ஆகவே வீட்டிலிருந்தே பயின்று, 1902ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. எனினும் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தமையால் கல்லூரிக் கதவு திறந்தது. மூடிய வண்டியில் சென்று, திரை மறைவில் அமர்ந்து அவர் பாடங்கேட்டார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றபோது பதக்கங்கள் பலவும் அவரை வந்தடைந்தன. பெண்களும் குழந்தைகளும் சிகிச்சை பெற்ற எழும்பூர் அரசு மருத்துவமனையில் பணி ஏற்றார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம் பணிக்கும் சமத்துவத்திற்கும் மதிப்பளிக்க வேண்டும் என்பதை முன்னரே கூறி, அதற்கு அவர் உடன்பட்ட பின்னரே மணத்திற்கு இசைந்தார் என்பர்.

தங்கையின் நோய்

மருத்துவராகிப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. புகழும் தொழிலும் ஒருங்கே வளர்ந்து வந்த அந்நாளில் அவருடைய தங்கை நோயுற்றார். தொடக்கத்தில் அது சீதபேதி எனக் கருதப்பட்டு அதற்கேற்ற மருந்துகளே கொடுக்கப்பட்டன. நோய் தீரவில்லை. மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் என்பது தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே 1923ஆம் ஆண்டு அத்தங்கை மறைந்தார்.

வீட்டிலேயே மருத்துவர் இருந்தும் உயிரைக் காக்க இயலவில்லை. இது அம்மையாரின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. மருத்துவருடைய தங்கைக்கே இந்நிலை என்றால் எழுத்தறியாத ஏழைப் பெண்ணின் நிலை என்னவாகும் என்று அவர் எண்ணினார். துக்கத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாமல் ஊருக்குப் பயன்படும் செயலாக மாற்றியதே அவர்தம் பெருமை.

1925ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். மகளிர், குழந்தைகள் நலம் பற்றிய உயர் பயிற்சியே பயணத்தின் நோக்கம். ஆயினும் இலண்டன் புற்றுநோய் மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றார். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்த இயலும் என்பதை அங்கு நேரில் கண்டு தெளிந்தார்.

சட்ட மன்றமும் சமூகப் பணியும்

தாயகம் திரும்பியதும் சென்னைச் சட்ட மன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்ட மன்றத்தில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே. அம்மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்வு பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்க 1927ஆம் ஆண்டு முதல் அவர் நடத்திய போராட்டம் நாடறிந்தது. அவர் விதைத்த விதை 1947ஆம் ஆண்டு சட்டமாக முளைத்தது. முஸ்லிம் மாணவியருக்குத் தனி விடுதி அமையவும், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களுக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கவும் அவர் ஆற்றிய பணி நம் கல்லூரி போன்ற நிறுவனங்கள் நன்றியுடன் நினைக்கத் தக்கது.

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது தம் பதவியைத் துறந்தார். புகலிடம் தேடி வந்த சிறுமியர் சிலரை வேறு விடுதிகள் ஏற்க மறுத்தன. அச்சிறுமியருக்குத் தம் வீட்டையே திறந்துவிட்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இவ்வளவு பணிகளுக்கிடையிலும் தங்கையின் நினைவு அவரை விட்டு அகலவில்லை. 1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தம் வேட்கையை வெளியிட்டார்.

அடையாற்று மருத்துவமனை

வேட்கையை வெளியிட்ட நாளுக்கும் வாயிற்கதவு திறந்த நாளுக்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்தன. புற்றுநோய் வந்தால் இறப்பு உறுதி, அதற்குச் செலவிடும் பணம் வீண் என்பதே ஆட்சியாளர் பலருடைய எண்ணமாக இருந்தது. காலரா, காசநோய், மலேரியா ஆகியவை மக்களைக் கொள்ளை கொண்ட நாளில் இதற்கு முன்னிடம் தர அவர்கள் விரும்பவில்லை. 1943ஆம் ஆண்டு கணவரையும் இழந்தார் அம்மையார். ஆயினும் சோர்ந்தாரில்லை.

இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் 1949ஆம் ஆண்டு புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். செல்வர், எளியோர் என்ற வேறுபாடின்றி யாவரிடமும் கையேந்தினார். சட்ட மன்றத்தில் துணைத் தலைவராக வீற்றிருந்தவர் பிறருக்காக வீடுவீடாகப் பொருள் கேட்டுச் சென்றார். 1952ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தன் பணியைத் தொடங்கியது. தென்னிந்தியாவில் இந்நோய்க்கென எழுந்த முதற் சிறப்பு மருத்துவமனை அதுவே. அப்போது அம்மையாருக்கு வயது 67.

அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மேனாட்டில் பயிற்சி பெற்று வந்து அம்மருத்துவமனையின் முதுகெலும்பாக நின்றார். 1955ஆம் ஆண்டு இணைந்த இளம் மருத்துவர் சாந்தா, 2021ஆம் ஆண்டு தம் உயிர் பிரியும்வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். 1957ஆம் ஆண்டு கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அங்கே நிறுவப்பட்டது. பணம் செலுத்த இயலாதவர் என்பதற்காக எவரையும் திருப்பியனுப்பலாகாது என்பது தொடக்க நாளிலிருந்தே அந்நிலையத்தின் நெறியாயிற்று.

1956ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது அம்மையாரை நாடி வந்தது. 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஏழைக் கருவுற்ற தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நான்காவது வழி

அம்மையார் காலத்தில் புற்றுநோயை எதிர்க்க மருத்துவரிடம் இருந்த வழிகள் மூன்று. கத்தியால் அறுத்தல் ஒன்று. கதிரால் சுடுதல் மற்றொன்று. மருந்தால் அழித்தல் பிறிதொன்று. இம்மூன்றும் வெளியிலிருந்து செய்யும் தாக்குதல்கள். உடலுக்குள்ளேயே இருக்கும் காவற்படையைக் கொண்டு நோயை வெல்ல முடியாதா என்ற வினா நான்காவது வழியாகும்.

இவ்வினா புதியதன்று. நியூயார்க் நகர அறுவை மருத்துவர் வில்லியம் கோலி என்பவர் 1891ஆம் ஆண்டே இதனை முயன்றார். கடுங்காய்ச்சல் தரும் கிருமித்தொற்று ஒன்றிற்குப் பின் ஒரு நோயாளியின் கட்டி கரைந்து போனதை அறிந்து, அக்கிருமிகளைத் தாமே பிற நோயாளிகளுக்குச் செலுத்தினார். சிலர் பிழைத்தனர், பலர் பிழைக்கவில்லை. காரணத்தை விளக்க அன்றைய அறிவியலால் இயலவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை எழுச்சி பெற்றதும் அவர் முயற்சி மறக்கப்பட்டது. 1970களில் காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தி நற்பயன் கண்டபோது அப்பழைய கருத்து மீண்டும் உயிர் பெற்றது. சென்னைக் கிண்டியில் 1948ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்காகத் தயாரிக்கப்பட்ட தடுப்பூசியும் அதே பி.சி.ஜி. என்பது நம் நினைவிற்குரியது.

நம் குருதியில் டி-செல்கள் என்னும் வெள்ளணுக்கள் காவலர்போல் உலவுகின்றன. அவை எல்லை மீறி நம் உடலையே தாக்கிவிடாதபடி அவற்றிற்கு இயற்கை கடிவாளங்களைப் பூட்டியுள்ளது. புற்றுநோய்ச் செல்கள் சூழ்ச்சியாக அக்கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக் காவலரைச் செயலற்றோராக்குகின்றன. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானிய அறிஞர் தாசுகு ஹோன்ஜோவும் தனித்தனியே ஆராய்ந்து, இத்தகைய இரு கடிவாளங்களை விடுவிக்கும் வழிக்கு அடிகோலினர். இவ்வகையின் முதல் மருந்து 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2018ஆம் ஆண்டு இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முற்றிய நிலைத் தோல் புற்றுநோயாளர் சிலர் இம்மருந்துகளால் பல்லாண்டுகள் வாழ்ந்து வருகின்றனர்.

மற்றொரு முறையில், நோயாளியின் டி-செல்களை வெளியே எடுத்து, புற்றுநோய்ச் செல்லை இனங்காணும் புதிய ஏற்பியை மரபணு வழியாக அவற்றில் பொருத்தி, மீண்டும் உடலில் செலுத்துவர். இது கார்-டி சிகிச்சை எனப்படும். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய இத்தகைய சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. குருதிப் புற்றுநோய் வகைகள் சிலவற்றிற்கு அது பயன்படுகிறது.

அடையாறும் இம்முயற்சியில் பின்தங்கவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கு, அவர்தம் சொந்தச் செல்களிலிருந்தே செய்த தடுப்பூசியை அங்குள்ள ஆய்வாளர்கள் சிறு அளவில் செலுத்திப் பார்த்தனர். அதன் முடிவுகள் 2014ஆம் ஆண்டு வெளிவந்தன. பகைவனை இன்னானென்று காவலருக்கு அடையாளங்காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களை அதற்குப் பயன்படுத்தினர். அது முழு வெற்றி என்று கூறும் நிலையை எட்டவில்லை. ஆயினும் வழி திறந்தது. பெண்களின் துயர் துடைக்க எழுந்த நிலையம் பெண்களின் நோய்க்கே இம்முயற்சியை மேற்கொண்டது பொருத்தமுடையது.

அம்மையார் விட்டுச்சென்ற வினா

இப்புதிய மருத்துவத்தைப் போற்றும்போதே அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் இது பயன் தருவதில்லை. கடிவாளம் அவிழ்ந்த காவலர் சில வேளைகளில் நுரையீரலையும் குடலையும் நாளமில்லாச் சுரப்பிகளையும் தாக்குவதுண்டு. விலையோ எளியோர் எட்ட இயலாத உயரத்தில் நிற்கிறது. இந்தியாவில் உருவான கார்-டி சிகிச்சைக்கு மேனாட்டு விலையில் ஒரு சிறு பங்கே ஆகும் என்பது பெருமைக்குரியதுதான். ஆனால் அச்சிறு பங்கும் பல இலட்ச ரூபாய். லவ்டேல் சரிவில் தேயிலை கிள்ளும் ஒரு தாய்க்கு அத்தொகை ஒரு வாழ்நாள் உழைப்பினும் மிகுதியாகலாம். மலையிறங்கிக் கோவைக்கோ சென்னைக்கோ போய்த் தங்கும் செலவே அவருக்குப் பெருஞ்சுமை.

1935ஆம் ஆண்டு அம்மையார் எழுப்பிய வினாவும் இதுவே அன்றோ? மருந்து உலகில் இருந்தால் போதுமா, அது ஏழையின் வாயிலுக்கு வரவேண்டாமா என்றே அவர் கேட்டார். ஆய்வுக்கூடத்து வெற்றியை அனைவருக்கும் உரியதாக்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.

மற்றொன்றும் உண்டு. விலையுயர்ந்த மருந்துகளைவிட மலிவான காவல், நோயை முன்னதாகக் கண்டறிதலே. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசைத் தடுக்கும் ஊசி 2006ஆம் ஆண்டு முதல் உலகில் உள்ளது. இந்தியாவிலேயே இப்போது தயாராகிறது. மார்பில் கட்டி தென்பட்டாலும் முறையற்ற உதிரப்போக்கு ஏற்பட்டாலும் நாணத்தால் மறைத்து, வலி தாங்க முடியாத நிலையில் மருத்துவரை நாடும் வழக்கம் எல்லாச் சமயத்தார் வீடுகளிலும் இருக்கிறது. அம்மையாரின் தங்கை தம் நோயை மறைக்கவில்லை. நோயை இனங்காணும் வழி அன்று எளிதாக இல்லை. இன்று வழி இருந்தும் நாம் மறைப்போமாயின் அக்குறை மருத்துவத்தினுடையது ஆகாது.

முடிவுரை

புதுக்கோட்டையில் திரைக்குப் பின் அமர்ந்து பாடங்கேட்ட மாணவி, தம் துயரத்தைப் பொதுநலமாக்கி ஒரு மருத்துவமனையை எழுப்பினார். 12 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிலையம் இன்று பெரும் மருத்துவமனையாகவும் ஆய்வு மையமாகவும் கல்லூரியாகவும் விரிந்து நிற்கிறது. கண்டுபிடிப்போர் கண்டுபிடிப்பர், அதனை எளியோரிடம் கொண்டு சேர்ப்பதற்கு அம்மையாரைப் போன்றோர் தலைமுறைதோறும் தேவைப்படுகின்றனர். மருத்துவம் பயில விழையும் மாணவ மாணவியர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பிற துறை பயில்வோருக்கும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தத்தம் வீடுகளுக்குச் சென்று, அன்னையரிடமும் அத்தையரிடமும் பாட்டிமாரிடமும் உடல்நலம் பற்றி அன்புடன் வினவி, தயக்கம் நீக்கி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே அது. அம்மையாரின் நினைவுக்கு நாம் செய்யும் சிறந்த அஞ்சலியும் அதுவே.