ஐயம் தெளிந்த நரேந்திரர்

சமயப் பெரியோரை நாடிச் சென்று, மனம் நிறையாமல் திரும்பியோர் நம்மிடையே பலர் உளர். அத்தகையோர் எண்ணிப் பார்க்கத் தக்கது சுவாமி விவேகானந்தரின் இளமைக் காலமாகும்.

1863ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர் நரேந்திரநாத தத்தர். கல்லூரியில் மேனாட்டுத் தத்துவம் பயின்ற அவர் உள்ளத்தில், கடவுள் உண்டா என்னும் ஐயம் வேரூன்றியது. பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தும் அமைதி கிட்டவில்லை. அச்சமாஜத்தின் தலைவரும் மகரிஷி எனப் போற்றப்பட்டவருமான தேவேந்திரநாத தாகூரை அணுகி, அவர் கடவுளைக் கண்டதுண்டா என வினவினார். பெரியவரோ உண்டென்றும் கூறவில்லை, இல்லையென்றும் கூறவில்லை. நரேந்திரரின் கண்கள் யோகியின் கண்கள் எனப் பாராட்டியதோடு அமைந்தார். பாராட்டு கிடைத்தது, விடை கிடைக்கவில்லை. இளைஞர் ஏமாற்றத்துடன் மீண்டார்.

ஆயினும் அவர் தேடலைக் கைவிடவில்லை. 1881ஆம் ஆண்டு ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரைச் சந்தித்தார். அதே வினாவிற்குத் தாம் கண்டதாகவே அவர் தயக்கமின்றி விடையளித்தார். அப்போதும் நரேந்திரர் உடனே நம்பிவிடவில்லை. அவரைப் பித்தரோ என்றுகூட ஐயுற்றார். காசைத் தொடாத குருநாதரைச் சோதிக்க, அவர் படுக்கையின் கீழ் வெள்ளி நாணயம் ஒன்றை மறைத்து வைத்தார். குருநாதர் சினந்தாரல்லர், சோதித்து அறிந்தபின் ஏற்பதே முறையென மகிழ்ந்தார்.

1884இல் தந்தையார் மறைந்தபின் குடும்பம் வறுமையுற, ஐயம் மீண்டும் தலைதூக்கியது. குருநாதர் பணித்தபடி, பொருள் வேண்டித் தட்சிணேசுவரக் காளி சந்நிதிக்கு மும்முறை சென்றவர், மும்முறையும் பொருளைக் கேளாது ஞானத்தையும் பக்தியையும் வைராக்கியத்தையுமே வேண்டி நின்றார்.

1893இல் பம்பாயிலிருந்து கப்பலேறிய சுவாமிகள், கொழும்பைக் கடந்து நம் பினாங்குத் துறைமுகத்தின் வழியாகவே சென்றார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் சிகாகோ சர்வ சமய மகாசபையில் அவர் முழங்கியதை உலகறியும். 1902ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பேலூர் மடத்தில் மகாசமாதி எய்தினார்.

மெய்யன்பர்களே! ஒருவர் விடை தராததால் இறைவன் இல்லையென்று ஆகிவிடாது. அதுபோலவே, வினவுவோரைக் கடிந்து ஒதுக்குவதும் சமயத் தொண்டாகாது. ஆலயத்தை நாடிவரும் இளைஞர் வினவும்போது, பொறுமையுடன் செவிசாய்ப்பது மூத்தோராகிய நம் கடமை. அத்திருப்பணிக்கும் எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.