ஆறு பென்ஸ் சிப்பாய்

தொழிலாளர் பொருளியல் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். ஓர் இளைஞன் ஏன் ராணுவத்தில் சேர்கிறான்? வேறு வேலை கிடைக்காததால் என்று பாதி வகுப்பு சொல்லும். நாட்டுப்பற்றினால் என்று மீதிப் பாதி சொல்லும். இரு தரப்பும் வாதிட்டு ஓய்ந்த பிறகு, இந்த இரண்டு விடைகளுக்குள்ளும் அடங்காத ஒரு மனிதரின் கதையைச் சொல்வேன். கல்விக் கட்டணம் கட்ட வழியின்றி இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுப் படையில் சேர்ந்த மாணவர் ஒருவர், விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். சம்பளத்துக்காக என்று தொடங்கியவர், சற்று நேரத்திலேயே பனிமலைகளைப் பற்றியும் இரவுக் காவலைப் பற்றியும் கண்கள் மின்னப் பேசிக்கொண்டிருந்தார். வில்லியம் காபெட்டும் ஏறத்தாழ அப்படித்தான் சேர்ந்தார்.

ஆங்கில இலக்கியம் பயின்றோர் காபெட்டை 'ரூரல் ரைட்ஸ்' என்னும் பயண நூலின் ஆசிரியராக அறிவர். மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் அவரை எடுத்தாள்கிறார். பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களைத் தொடர்ச்சியாக நூல் வடிவில் வெளியிடத் தொடங்கியவரும் அவரே. கடன் தொல்லையால் அந்த வெளியீட்டை, அதை அச்சிட்டு வந்த ஹான்சார்டுக்கு விற்றுவிட்டார். பெயரும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. இவ்வளவுக்கும் அடித்தளமாக அமைந்தவை, ஒரு சாதாரணச் சிப்பாயாக அவர் தொடங்கிய ஏழெட்டு ஆண்டுகள்.

1763-இல் சர்ரே மாவட்டத்தின் ஃபார்னம் என்னும் சிற்றூரில், விடுதியும் நடத்திவந்த ஒரு சிறு விவசாயிக்கு மகனாகப் பிறந்தார். வீட்டில் வசதி இல்லை. ஆயினும் பட்டினியும் இல்லை. 1782-இல் போர்ட்ஸ்மத் அருகே முதன்முறையாகக் கடலையும் போர்க்கப்பல்களையும் கண்டவர், உடனே கடற்படையில் சேர முயன்றார். ஏதோ காதல் சிக்கலிலிருந்து தப்பி ஓடி வந்தவன் என்று கருதிய கப்பல் தலைவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் கில்ட்ஃபோர்டு சந்தைக்குப் புறப்பட்டவர், வழியில் லண்டன் செல்லும் குதிரை வண்டியைக் கண்டு, யாரிடமும் சொல்லாமல் அதில் ஏறிவிட்டார். லண்டனில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தர் வேலை கிடைத்தது. இருட்டறையில் காலை முதல் இரவு வரை படியெடுக்கும் அந்தப் பணியைத் தம் வாழ்நாளின் மிகக் கசப்பான காலமாகவே அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அமெரிக்கப் போர் முடிந்து, கலைக்கப்பட்ட படைவீரர்கள் வேலை தேடி அலைந்த காலம் அது. 1784-இல் கப்பற்படைக் காலாட்கள் தேவை என்னும் விளம்பரத்தைக் கண்ட காபெட், சாத்தம் நகருக்குச் சென்று ஒரு ஷில்லிங்கைப் பெற்றுக்கொண்டார். அரசரின் ஷில்லிங் என்று அழைக்கப்பட்ட அந்த நாணயம், நம் ஊர் வழக்கில் சொன்னால், அச்சாரம். வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. மறுநாள்தான் தாம் சேர்ந்திருப்பது கடற்பிரிவில் அன்று, 54-ஆவது காலாட்படைப் பிரிவில் என்று அவருக்குத் தெரிந்தது. ஆக, அவரை உள்ளே தள்ளியது வறுமை என்று சொல்ல முடியாது. நாட்டுப்பற்று என்றும் சொல்ல முடியாது. சலிப்பு, கடல் மீதிருந்த ஆசை, ஒரு தவறான கதவு. வறுமை அவரைச் சந்தித்தது உள்ளே நுழைந்த பிறகுதான்.

ஒரு பொருளியல் ஆசிரியனாக நான் நின்று பார்க்கும் இடம் இதுவே. அன்றைய காலாட்படைச் சிப்பாயின் ஊதியம் நாளொன்றுக்கு எட்டு பென்ஸ். அதில் இரண்டு பென்ஸ் உடைக்கும் பிறவற்றுக்குமாக முதலிலேயே பிடிக்கப்படும். எஞ்சிய ஆறு பென்ஸில் உணவு, சலவை, சீருடையைத் துலக்கும் பொருள்கள் என எல்லாம் கழிந்தபின், ஒருவர் கையில் வாரத்துக்கு இரண்டு பென்ஸ் மிஞ்சியதாகக் காபெட் எழுதியிருக்கிறார். தங்குமிடம் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் தென் இங்கிலாந்தின் பண்ணைக் கூலி, சிப்பாயின் ஆறு பென்ஸைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஒரு வாரத்துக்கான உணவை ஒரே நாளில் உண்டு தீர்க்கும் வயது அவர்களுக்கு. ஏர் பிடித்த கையோடு நார்ஃபோக்கிலிருந்து வந்து சேர்ந்த வாட்டசாட்டமான இளைஞர்கள் பசி தாங்காமல் தப்பி ஓடியதையும், இருவர் மெலிந்து நலிந்து ஓராண்டுக்குள் இறந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இந்தப் பசிக்கு நடுவில்தான் அவர் இலக்கணம் படித்தார். பாதிரியார் லோத் எழுதிய ஆங்கில இலக்கண நூலை இரண்டு மூன்று முறை முழுவதுமாகப் படியெடுத்து, மனப்பாடம் செய்து, காவல் நிற்கும்போதெல்லாம் தமக்குள் ஒப்பித்தார். படுக்கையின் விளிம்பு நாற்காலி. முதுகுப்பை புத்தக அலமாரி. மடியில் வைத்த பலகை மேசை. விளக்கெண்ணெய்க்கோ மெழுகுவத்திக்கோ காசில்லை. குளிர்காலத்தில் அடுப்பு வெளிச்சம், அதுவும் தம் முறை வரும்போது மட்டும். பேனாவும் தாளும் வாங்க உணவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாச் செலவும் போக அவரிடம் அரை பென்னி மிஞ்சியது. மறுநாள் காலையில் புகையூட்டிய ஹெர்ரிங் கருவாடு ஒன்று வாங்கலாம் என்று அதைப் பத்திரப்படுத்தியிருந்தார். இரவில் உடை மாற்றும்போது பார்த்தால் காசைக் காணவில்லை. போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குழந்தையைப்போல் அழுதார். வயது அப்போது இருபத்தொன்று.

அடுத்த ஆண்டு அவருடைய பிரிவு கனடாவுக்குச் சென்றது. கணக்கும் எழுத்தும் அறிந்தவர் அரிதாக இருந்த படையில் காபெட் விரைவாக உயர்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட சார்ஜென்டுகளைத் தாண்டிச் சார்ஜென்ட் மேஜரானார். அதிகாரிகளுக்கு விடியற்காலையில் எழுத்து வேலை செய்துகொடுத்து 150 கினிகள் சேர்த்தார். நியூ பிரன்ஸ்விக்கில் ஆன் ரீட் என்னும் பீரங்கிப் படை சார்ஜென்டின் மகளைக் கண்டு, அவரையே மணப்பதென்று முடிவு செய்தார். அந்தக் குடும்பம் இங்கிலாந்து திரும்பியபோது, சேமிப்பு முழுவதையும் அவரிடம் கொடுத்து, யார் வீட்டிலும் சிரமப்படாமல் வாழச் சொன்னார். சில ஆண்டுகளுக்குப் பின் காபெட் திரும்பி வந்து பார்த்தபோது ஆன் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக உழைத்துக்கொண்டிருந்தார். 150 கினிகளும் பிரிக்கப்படாமல் அப்படியே திரும்பி வந்தன. இருவருக்கும் 1792 பிப்ரவரியில் திருமணம் நடந்தது.

படையின் கணக்கேடுகள் காபெட்டின் கைவழியாகவே சென்றன. சிப்பாய்களுக்குச் சேரவேண்டிய பணமும் பொருளும் அதிகாரிகளின் பைக்குப் போவதை அவர் அவற்றில் கண்டார். பெஸ்ட்லண்ட் என்னும் கார்ப்பொரலின் துணையோடு இரவுகளில் அந்தப் பக்கங்களை ரகசியமாகப் படியெடுத்தார். பணியிலிருக்கும்போது பேசினால் சாட்டையடிதான். எனவே 1791 இறுதியில் விடுவிப்புப் பெற்ற பிறகே அதிகாரிகள் மீது குற்றம் சாட்டினார். ராணுவ நீதிமன்றம் 1792 மார்ச்சில் கூடியது. ஆனால் குற்றம் சாட்டியவர் வரவில்லை. மனைவியுடன் பிரான்சுக்குச் சென்றுவிட்டார். ஏடுகள் முத்திரையிட்டுக் காக்கப்படவில்லை, பெஸ்ட்லண்டைப் படையிலிருந்து முதலில் விடுவிக்கவேண்டும் என்னும் கோரிக்கை ஏற்கப்படவில்லை, தம் மீதே அரசத் துரோக வழக்கு வரவிருந்தது என்று அவர் பின்னர் விளக்கம் தந்தார். அதிகாரிகள் விடுதலையாயினர். காபெட்டின் விளக்கத்தை நான் நம்புகிறேன். இருந்தும் அந்த வெற்று இருக்கை அவரை வாழ்நாள் முழுதும் துரத்தியது.

அவ்வாண்டே 'சிப்பாயின் நண்பன்' என்னும் சிறு வெளியீடு ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அது அவருடையதாகவே கருதப்படுகிறது. சிப்பாயின் ஊதியத்தை உயர்த்தினால் மட்டும் போதாது, அது அவன் கைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கவேண்டும் என்பதே அதன் சாரம். ஊதியம் நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங்காக உயர்ந்தது 1797-இல். அதற்குக் காரணம் எந்தச் சிறுநூலும் அன்று. அவ்வாண்டு கடற்படையில் வெடித்த கலகம் தரைப்படைக்கும் பரவிவிடுமோ என்ற அச்சமே.

அமெரிக்காவில் கழித்த எட்டு ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். அங்கே அவர் முடியாட்சியின் தீவிர ஆதரவாளராக எழுதினார். அவதூறு வழக்குகளில் சிக்கினார். 1800-இல் தாயகம் திரும்பினார். அரசு தர முன்வந்த பத்திரிகையை மறுத்து, 1802-இல் 'பொலிட்டிகல் ரெஜிஸ்டர்' என்னும் சொந்த இதழைத் தொடங்கினார். முதலில் அதுவும் அரசின் பக்கமே நின்றது. போர்க்கால ஊழலும் கிராமப்புற வறுமையும் அவரைப் படிப்படியாக மறுபக்கம் திருப்பின.

1809 ஜூனில் ஈலி நகரில் உள்ளூர்க் குடிப்படையினர் கிளர்ந்தெழுந்தனர். காரணம், முதுகுப்பைக்காக ஊதியத்தில் செய்யப்பட்ட பிடித்தம். பிரிட்டிஷ் அரசின் ஊதியத்தில் இருந்த ஜெர்மன் குதிரைப்படை வரவழைக்கப்பட்டு, அதன் காவலில் கிளர்ச்சித் தலைவர்களுக்குச் சாட்டையடி வழங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் விதிக்கப்பட்டவை 500 அடிகள். அவற்றில் ஒரு பகுதி நிறைவேற்றப்பட்டது. செய்தியைப் படித்தபோது காபெட்டுக்கு வயது நாற்பத்தாறு. ஹாம்ப்ஷயரில் பண்ணையும் பெரிய வீடும் உடையவர். பசியோடு படுத்த அந்தப் படுக்கையை அவர் மறந்திருக்கவில்லை. கடுஞ்சினத்தோடு அவர் எழுதிய கட்டுரைக்காக அரசு வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில், 1792-ஆம் ஆண்டு ராணுவ நீதிமன்ற நடவடிக்கைகளை நூலாக அச்சிட்டு அவருடைய எதிரிகள் நாடெங்கும் பரப்பினர். 1810-இல் இரண்டு ஆண்டுச் சிறை, 1,000 பவுண்டு அபராதம் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்கு முன், தண்டனையைக் கைவிட்டால் இதழையே நிறுத்திவிடுவதாக அவர் அரசிடம் பேரம் பேசியதும் உண்டு. பின்னாளில் அதை மறுத்தார். மறுப்பு நம்பத்தக்கதாக இல்லை. அவர் மாசற்றவர் அல்லர். அடிமை வணிகத்தை எதிர்த்தவர்களை ஏளனம் செய்தார். யூதர்களை இழித்து எழுதினார். சிப்பாயின் பிடித்தக் கணக்கை அவ்வளவு நுட்பமாகக் கண்ட கண், வேறு சில துயரங்களைக் காண மறுத்தது.

நியூகேட் சிறையிலிருந்து அவர் எழுதியது தாள் பணத்தையும் போர்க் கடனையும் பற்றிய தொடர். போரை நடத்தக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு வரி, வரியால் நசியும் கூலியாள், நசிந்தபின் அதே போருக்கு ஆளாகும் அவன் மகன்: இந்தச் சங்கிலியை இவ்வளவு எளிய நடையில் விளக்கியவர் அன்று வேறு எவரும் இல்லை என்பேன். தங்கத்தின் மீது அவர் வைத்த நம்பிக்கை மிகையானது என்பது வேறு விஷயம்.

1815-இல் போர் முடிந்தபோது, முப்பதாண்டுகளுக்கு முன் கண்ட காட்சியையே அவர் மீண்டும் கண்டார். ஆயிரக்கணக்கான வீரர்கள் வீடு திரும்பினர், வேலை இல்லை, கூலி சரிந்தது. 1816-இல் இதழை இரண்டு பென்ஸுக்கு விற்கத் தொடங்கினார். பல்லாயிரம் படிகள் விற்றன. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்து கேட்டனர். ஒரு சிப்பாய் வாரம் முழுவதும் சேமித்தால் வாங்கக்கூடிய விலை அது.

1832-இல் ஓல்டம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழைகளை உழைப்பு விடுதிகளுக்குள் அடைக்க வழிசெய்த 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடைசிவரை எதிர்த்தார். 1835 ஜூன் 18 அன்று, வாட்டர்லூ போரின் இருபதாவது நினைவு நாளில், காலமானார். பிரிட்டிஷ் ராணுவத்தில் சாட்டையடி ஒழிக்கப்பட அதற்குப் பின்னும் 46 ஆண்டுகள் ஆயின. ஃபார்னம் தேவாலய வளாகத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் விடுதிக்குப் பின்னாளில் அவர் பெயரையே சூட்டினார்கள்.